உடைத்துப் பார்க்கிறவர்

அவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது முழுசாகத் திரும்பி வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவருக்குச் செய்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாக்கு இதுதான். நல்ல சாக்கு இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் ஒன்றாவது இருக்கட்டும்.

அப்போது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கூப்பனுக்கும் பாதி நாள் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பை மாட்டி, கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இருந்தது ஒரே பஸ். நானே முதலாளி, நானே டிரைவர். நாமக்கல்லில் எடுத்தால் ராசிபுரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம். கண்டக்டர் செங்கோடன் டிக்கெட்டும் கொடுப்பான், அடுப்பையும் கிளறுவான். கரி சேந்தமங்கலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். மேடு வந்தால் ஜனங்கள் முணுமுணுக்காமல் இறங்கித் தள்ளுவார்கள். காடு விற்று வாங்கிய வண்டி அது. ஓடினால் நான் மனிதன், நின்றால் ஒன்றுமில்லை.

ஆட்டையாம்பட்டியில் ஒருநாள் காலை ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையெல்லாம் காகிதப் பொட்டலம், தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் லாடம் போல வளைந்த பெரிய காந்தம், அதில் ஒரு கயிறு.

"ஏனுங்க பஸ்காரரே, இதை உங்க வண்டி வாலுல கட்டிக்கட்டுமுங்களா?"

"எதுக்குங்க?"

"ரோட்டுல இழுத்துக்கிட்டு வரட்டுமுங்க. ஒண்ணும் ஆகாது. எனக்கு டிக்கெட் போட்டுக்குங்க, காந்தத்துக்கும் வேணும்னா போட்டுக்குங்க."

கட்டிக்கொள்ளச் சொன்னேன். நாமக்கல் வரைக்கும் அந்த மனிதர் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. படியில் தொங்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதித்து இறங்கி, காந்தத்தில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை ஒரு காகிதத்தில் வழித்து, ஊர்ப் பெயரை எழுதி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். செங்கோடன் சும்மா இருப்பானா? "நம்ம சாரு ரோட்டுல தூண்டி போடறாருங்க. ராசிபுரத்துல நல்லாக் கடிக்குது போல" என்றான். வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. இது அத்தனையும் இரும்பு. மழை பேஞ்சா கஞ்சமலைப் பக்கமிருந்து ஓடையோட ஓடையா அடிச்சுக்கிட்டு வருது. நாம இரும்பு மேல உக்காந்துக்கிட்டு, ஒரு ஆணி வேணும்னா கப்பல் வருமான்னு பாத்துக்கிட்டிருக்கோமுங்க."

இப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஊரில் அவரை இரும்புமாவுக்காரர் என்றார்கள். சென்னையில் படித்து, கடல் கடந்து போய் ஏதோ ஒரு விளக்குத் தொழிற்சாலையில் பல வருஷம் ஆராய்ச்சி செய்தவர். ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு மூன்று கதை உலவியது. மூன்றையும் அவர் மறுக்கவில்லை. ஆட்டையாம்பட்டிக்கு வெளியே ஒரு பழைய தறிக்கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அதில் இரும்பை மாவாக்கிக்கொண்டிருந்தார்.

மாவை என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பல்புக்குள்ள இருக்கற கம்பி இருக்குதுங்களே, அது மாவுல செஞ்சதுதான். உருக்கவே இல்லை. மாவை அழுத்தி, சூடு காட்டி, ஒட்டவெச்சு, அடிச்சு நீட்டுனது. வண்டியில பல்பு இருக்குதுங்களா?"

முன்விளக்குப் பல்புகள் இரண்டு பெட்டியில் இருந்தன. ஒன்று பீஸ் போனது, ஒன்று நல்லது. அந்தக் காலத்தில் நல்ல பல்பு என்பது பெண்டாட்டி நகை மாதிரி. தெரியாத்தனமாக இரண்டையும் நீட்டினேன். அவர் நல்லதை எடுத்து, ஜோல்னாப் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, பட்டென்று ஒரு தட்டு.

"அய்யோ சாமி! அது நல்ல பல்புங்க!"

"செத்ததை உடைச்சா என்னங்க தெரியும்? ஓடறதை உடைச்சாத்தான் அது ஏன் ஓடுதுன்னு தெரியும்."

கம்பியை நுனிவிரலில் எடுத்து வெயிலில் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அன்று மாலை ஒற்றைக் கண்ணோடு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தேன். மறுநாள் வேறு பல்பு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார், அது வேறு விஷயம். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. உடைத்ததற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்த டம்ளரின் விளிம்பு ஒரு பக்கம் அறுந்திருந்தது. உதடு படாமல் திருப்பிக் குடிக்க வேண்டும். வார்ப்பா தகடா என்று பார்ப்பதற்காக அறுத்தாராம். பூட்டு உடைந்திருந்தது, கடிகாரம் உடைந்திருந்தது, சீதனமாக வந்த குத்துவிளக்கு கழுத்தில் இரண்டாகி, துணியில் சுற்றி மூலையில் கிடந்தது.

"இந்த ஊட்டுல இன்னும் முழுசா இருக்கறது நான் ஒருத்திதானுங்க" என்றார் அந்தம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சத்தத்தைக் குறைத்து, "நல்லதா ஏதாச்சும் இருந்தா ஒளிச்சு வெச்சுப்போடுவேனுங்க. அவருக்குத் தேடத் தெரியாது. இல்லைன்னு சொன்னா நம்பிக்குவாரு" என்றார். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை என் மனசில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆட்டையாம்பட்டி முறுக்கு உங்களுக்குத் தெரியுமே, அதைக்கூட அவர் சும்மா தின்னமாட்டார். ஒடித்து, உடைந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு முறுக்கை ஒடித்துவிட்டு விற்கிற அம்மாளிடம், "என்னங்க, இன்னைக்கு எண்ணெய் சரியாக் காயறதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்க சாமி, வெறகு ஈரமுங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"உள்ள பாருங்க, நல்லா வேகாம பொறபொறன்னு இருக்குது. எண்ணெயை அத்தனையும் குடிச்சுப்போட்டுது."

இதை அவர் வாயால் சொன்னார். என் காதால் நான் கேட்டேன். எத்தனை தரம் இதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் செய்ய நினைத்தது இதுதான். எஞ்சினில் சுழலும் ஒவ்வொரு தண்டையும் தாங்க ஒரு வளையம் வேண்டும். புஷ் என்போம். பித்தளையிலும் வெண்கலத்திலும் செய்வார்கள். சண்டை வந்ததும் பித்தளையெல்லாம் தோட்டா செய்யப் போய்விட்டது. புஷ் தேய்ந்தால் வண்டி மூலையில் நிற்கவேண்டியதுதான். அந்த வளையத்தை நம் ஊர்க் கறுப்பு மணலில் செய்துவிடலாம் என்றார் அவர்.

மணலைப் பாவாயி என்கிற பெண்பிள்ளை ஓடையிலிருந்து அலசிக் கொண்டுவருவாள். கூலி வேலைக்காரி, முப்பது வயது, வாய் ஓயாது. மணலைக் கரித்தூளோடு மண்சட்டியில் போட்டு, வாயை மண்ணால் பூசி, சூளையில் வைப்பார்கள். வெளியே வருகிற கட்டியை உரலில் இடித்து, உள்ளூர்த் தறியில் நெய்த பட்டுத்துணியில் சலித்தால் மாவு. மைதாவைவிட நைசு. அதை அச்சில் கொட்டித் திருகு அழுத்தியில் அழுத்துவார். வளையம் வரும், தொட்டால் உதிரும். அதை மறுபடி கரிக்குள் புதைத்து ஒரு முழு நாள் சூளையில் வேகவைத்து எடுத்து, காய்ச்சிய விளக்கெண்ணெயில் ஊறப்போட வேண்டும்.

"உருகவே கூடாதுங்க. புட்டு இருக்குதல்ல, மாவு மாவாத்தான் இருக்கும், ஆனா ஒட்டிக்கும். அப்படி."

சொல்ல எளிது. வளையம் சில நாள் வெடிக்கும், சில நாள் உதிரும், சில நாள் கல்லாகிவிடும். எது வந்தாலும் சுத்தியலை எடுத்து உடைத்துவிடுவார். நன்றாக வந்தால் இன்னும் அவசரமாக உடைப்பார். கொட்டகை முழுக்க உடைந்த வளையங்கள்தான். நடந்தால் காலைக் குத்தும். அவர் அதன் நடுவே நடந்துகொண்டே இருப்பார், நின்றாலும் விரல்கள் மாவை உருட்டிக்கொண்டே இருக்கும். அவரோடு அரைமணி இருந்தால் எனக்கு மேலெல்லாம் பூச்சி ஊர்வதுபோல இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கோடையில் என் வண்டியின் விசிறிப் புஷ் போய்விட்டது. எஞ்சினைக் குளிரவைக்கிற விசிறி. அது சுழலாவிட்டால் தண்ணீர் கொதித்து, வண்டி ஒரு மைல் தாண்டாது. சேலம் முழுக்க அலைந்தேன். பித்தளை குந்துமணி அளவும் இல்லை. வண்டி நான்கு நாளாக நின்றது. இன்னும் சில நாள் நின்றால் பஸ் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஆட்டையாம்பட்டிக்கு ஓடினேன்.

என் நேரம், அன்றுதான் ஆறு வளையங்கள் சூளையிலிருந்து வந்திருந்தன. என் விசிறிக்குப் பொருந்துகிற அளவு. பட்டறைக்கல்லில் ஒவ்வொன்றாக வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்.

"வேகலை" என்றார். இன்னொன்றை எடுத்தார். பட். "இதுவும் வேகலை. ஒரு நாள் முழுக்க எரிச்சும் வேகலைன்னா சூடு பத்தலைன்னு அர்த்தம்."

"சார்ங்க, ஒண்ணை எனக்குக் குடுங்க. உடைக்காதீங்க. வண்டி நின்னு போச்சுங்க."

"இதைப் போட்டீங்கன்னா அரைமணியில உதிர்ந்துபோயிரும். விசிறி கழண்டு ரேடியேட்டரைக் கிழிச்சுப்போடும். இது வேகாத சோறுங்க. குடுக்கமாட்டேன்."

பட். பட். பட். ஐந்து போயிற்று. குறிப்பு நோட்டை எடுக்க உள்ளே போனார். நான் ஆறாவதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் வாசலில் பாவாயி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டுக்கு வரும்வரை பேசாமல் பின்னாலேயே வந்தாள். பிறகு கைகூப்பினாள். "நீங்க எடுத்ததை நான் சொல்லமாட்டேனுங்க. நான் ஒண்ணு சொல்றேன், நீங்களும் சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. நேத்து அவரு சேலம் போயிருந்தாருங்க. சோத்து நேரத்துக்கு இங்க கோடைமழை புடிச்சுக்கிச்சு. சூளை அவிஞ்சே போச்சுங்க. மறுபடி மூட்ட முடியலை. பொழுதோட வந்தாரு, நல்லா எரிஞ்சுதான்னாரு. ஆமாங்கன்னுட்டேன். இன்னும் ரெண்டு தப்பு வந்தா ஆளை மாத்திப்போடுவேன்னு போன வாரந்தான் சொன்னாரு. வூட்டுக்காரனுக்குக் காலு வேற முடியலீங்க."

"செரி, செரி. நான் ஏன் சொல்றேன்?" என்றேன். ஆளுக்கொரு திருட்டு, ஒன்றுக்கு ஒன்று காவல்.

வீட்டில் விளக்கெண்ணெயைக் காய்ச்சி வளையத்தை அதில் போட்டேன். அது எண்ணெயைக் குடித்தது. ஊற்றினேன், மறுபடி குடித்தது. அவர் கொட்டகையில் எந்த வளையமும் இப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. எடுத்து அரத்தால் ராவி விசிறியில் மாட்டி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ராசிபுரம் போனேன். சேலம் போனேன். திரும்பி வந்தேன். விசிறி சத்தமே போடவில்லை.

நாலாம் நாள் ஆட்டையாம்பட்டியில் அவர் ஓடிவந்து வண்டியை மறித்தார். மூச்சு வாங்கியது.

"பஸ்காரரே, அன்னைக்கு ஆறு வளையம். உடைஞ்ச துண்டை எண்ணிப்பாத்தா அஞ்சுதான் இருக்குது. நீங்க எடுத்துக்கிட்டுப் போகலையே? போயிருந்தா கழட்டிப்போடுங்க, சாமி. ஆபத்து."

எனக்காகப் பயந்துகொண்டு வந்திருக்கிறார். ஆமாம் என்றால் அங்கேயே கழற்றி, அந்த இடத்திலேயே சுத்தியலால் ஒரு தட்டு. வண்டி மறுபடி நிற்கும். நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "இல்லீங்களே. பழைய பித்தளை ஒண்ணு கெடச்சுதுங்க. நான் எதுக்கு எடுக்கறேன்?"

நம்பிவிட்டார். அந்தம்மா சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு அவர் சூளையை உயர்த்திக் கட்டினார். துருத்தி இரண்டு வைத்தார். வேகவில்லை, வேகவில்லை என்று ஒரு நாளுக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள் எரித்தார். வளையங்கள் கெட்டியாக வந்தன, தட்டினால் மணி மாதிரி ஓசை. அவருக்கு ஒரே சந்தோஷம். மற்ற பஸ்காரர்கள் வாங்கி மாட்டினார்கள். வாரத்துக்குள் கிரீச்சென்று கத்தும், பிறகு தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியில் வீசினார்கள். அவர் அதை உடைத்துப் பார்த்து, "இன்னும் சூடு வேணும்" என்றார்.

என் விசிறியோ கத்தவே இல்லை. முதல் மாசம் எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மூன்றாம் மாசம் சந்தேகம் வந்தது. ஐந்தாம் மாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தேடிக்கொண்டிருப்பது என் வண்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பாதி வெந்தது என்பதும் எனக்குத் தெரியும், ஏன் பாதி வெந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். படித்தவன்கூட இல்லை.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் ஆட்டையாம்பட்டி நெருங்கும்போது இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். அவர் கொட்டகைப் புகை தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். முதலில் வண்டி நின்றுவிடும் என்று பயந்தேன். பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். நாள் ஆக ஆக இரண்டாவது பயம்தான் பெரிசாகிக்கொண்டே போனது. பாவாயி வேலை போய்விடும் என்று இடையிடையே எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய். அவளை நான் குடையாகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பட்டாளத்துக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மூன்று பஸ்ஸில் வளையத்தை மாட்டி ஒரு மாசம் ஓட்டிக் காட்டவேண்டும். தேறினால் சேலத்தில் பெரிய கொட்டகை, மின்சார உலை, அவருக்கு உத்தியோகம். தேறாவிட்டால் இரும்புமாவை ஓடையிலேயே கொட்டிவிடலாம். கையிருப்பெல்லாம் கரைந்து, அந்தம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்த நேரம் அது.

என் வண்டியிலும் மாட்டக் கேட்டார். "எனக்குப் பித்தளையே நல்லா ஓடுதுங்க" என்றேன்.

மாசம் முடியவில்லை. இரண்டாம் வாரமே மூன்று வண்டியும் நின்றுவிட்டன. அதிகாரி சேலத்தில் நிறுத்தத்துக்கு வந்து பார்த்தார். நானும் என் வண்டியோடு அங்கே நின்றிருந்தேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி திரும்பி, "இந்த வண்டியில் சத்தமே இல்லையே, இது யார் செய்த புஷ்?" என்றார்.

நம் ஆள் என் வண்டியருகே வந்து, குனிந்து, கண்ணை மூடி விசிறியின் சத்தத்தைக் கேட்டார்.

"நல்ல பித்தளைங்க" என்றார். "எந்தக் காலத்துது?"

"எங்கய்யன் காலத்துதுங்க."

எங்கய்யன் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது மாட்டுவண்டி. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போனார். அன்று ராசிபுரம் வரைக்கும் ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல் வண்டியை ஓட்டினேன். செங்கோடன் காய்ச்சலா என்று கேட்டான். அவனைத் திட்டினேன்.

கொட்டகை மெல்ல அடங்கியது. பாவாயி பருத்தி மில்லுக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் சூளையை விடவில்லை. தனியாக எரித்தார், தனியாக உடைத்தார். என் பஸ்ஸைப் பார்த்தால் கை தூக்குவார். நானும் தூக்குவேன். எனக்குத் தூக்கம் கெட்டது. வண்டி எங்கே ரிப்பேராகி நின்றாலும் மனசு ஒரு கணம் நிம்மதியாகும். அந்தப் புஷ்தான் போய்விட்டதோ, இனி சொல்ல ஒன்றுமில்லையோ என்று. இறங்கிப் பார்த்தால் வேறு ஏதாவது இருக்கும். அந்த வளையம் சாகவே இல்லை.

சண்டை முடிந்தது. பித்தளை வந்தது. புதுப் புஷ் வாங்கிய அன்றே பழையதைக் கழற்றினேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. தேய்மானம் நகத்துக்குக்கூடத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். இனி எனக்கு நஷ்டமில்லை. இப்போது சொல்லத் தைரியம் வந்துவிட்டது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆட்டையாம்பட்டிக்குப் போனால் கொட்டகை பூட்டிக்கிடந்தது. வடக்கே ஏதோ ஓர் இரும்பாலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்து, மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டதாகப் பக்கத்துத் தறிக்காரர் சொன்னார். பயணிகளையும் ஏற்றாமல் சேலம் ஜங்ஷனுக்கு வண்டியை விரட்டினேன்.

பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு இருவரும் நின்றிருந்தார்கள். அந்தம்மா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிச்சல். "வாங்க" என்றார். "கம்பெனிலயே ஊடு குடுக்கறாங்களாமுங்க. இனியாச்சும் ஒரு ஊட்டுல பாத்திரம் பண்டம் முழுசா இருக்கட்டும். இனி மாவு வேண்டாம், சூளை வேண்டாம்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்காரு."

நான் மடியை அவிழ்த்து வளையத்தை அவர் கையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்விளிம்பை நகத்தால் கீறினார். முகர்ந்தார்.

"ஆறாவது" என்றார்.

"ஆமாங்க."

"எத்தனை நாள் ஓடுச்சு?"

"அன்னையிலிருந்து நேத்து வரைக்குமுங்க."

"எங்கய்யன் காலத்துதுன்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜோல்னாப் பைக்குள் கை போனது. அந்தம்மா, "ஏனுங்க, வேண்டாமுங்க, வண்டி வந்துருச்சு" என்றார். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் பிளாட்பாரத்துக் கல் விளிம்பில் வளையத்தை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு.

இரண்டாகப் பிளந்த வளையத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். முறுக்கைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"பொறபொறன்னு இருக்குது" என்றார். "எண்ணெயை உள்ளயே வெச்சிருந்திருக்குது. சூடேற ஏறக் கக்கும், ஆறுனா மறுபடி குடிச்சுக்கும். புட்டு. நான் புட்டு புட்டுன்னு வாயில சொல்லிக்கிட்டு இத்தனை நாளாக் கொழுக்கட்டை பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

"என்னை மன்னிச்சுப்போடுங்க சார்ங்க. நான் அன்னைக்கே குடுத்திருந்தா..."

"குடுத்திருந்தா அன்னைக்கே உடைச்சிருப்பேன். வேகலைன்னு வீசியிருப்பேன். நீங்க திருடுனதாலதான் ஓடிச்சு." கையிலிருந்த துண்டைத் திருப்பினார். "ஆனா ஓடுனதுக்கு அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கூலிகள் மூட்டையைத் தள்ள, அந்தம்மா அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றினார். ஒரு துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை முகத்தருகே வைத்துக்கொண்டே ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்த பின்னும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே முனகியது எனக்குக் கேட்டது: "சூடு அதேதான். அப்ப நேரம்... எவ்வளவு நேரம் வெந்துதுன்னு மட்டும் தெரிஞ்சா..."

ரயில் நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடிவைத்த இரண்டு ரகசியத்தில் ஒன்றைத்தான் நான் கொடுத்திருக்கிறேன். ஜன்னலோடு சேர்ந்து ஓடினேன்.

"சார்ங்க! சோத்து நேரம் வரைக்குந்தானுங்க எரிஞ்சுது! அரை நாளு! மழை பேஞ்சு சூளை அவிஞ்சு போச்சுங்க! பாவாயி சொன்னா!"

நீராவி சீறியது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் எதிர் இருக்கையில் இருந்த அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேட்டுவிட்டது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்தார், குனிந்திருந்த தன் கணவரைப் பார்த்தார். அதைச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனிலேயே அவர் இறங்கிவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிறகு அந்தம்மா கையை நீட்டி, அவர் பக்கத்து ஜன்னல் பலகையைக் கீழே இறக்கி மூடிவிட்டார்.